இரண்டு மணி நேரம் தாங்கும்

பொதியை மூக்கின் பெண்டாட்டிதான் தைப்பாள். அவள் வேலை பார்க்கும், மருத்துவமனைத் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் கிழிந்து கழித்துப் போடுகிற படுக்கை விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு வருவாள். இரண்டு கோணிப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக விட்டு, நடுவில் மணலைக் கொட்டி, சுற்றிலும் விரிப்புகளைத் திணித்து, நடுவே ஒரு கயிற்றை ஓட்டி, வாயை நெருக்கித் தைத்துவிடுவாள். தைத்து முடித்தால் பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருக்கும். அதைச் சாக்கடைக் குழாயின் வாயில் வைத்துக் காலால் மிதித்து இறுக்கினால், நனைய நனைய ஊதிப் போய்க் குழாயைக் கவ்விக்கொள்ளும். ஒரு சொட்டு விடாது. வேலை முடிந்ததும் கயிற்றை இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒற்றை ஆள் இழுத்தால் அசையாது. இதற்கென்றே ரப்பரில் காற்றடிக்கிற சாமான் ஒன்று ஆபீசில் இருக்கிறதாம். யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மூக்கு என்பது பட்டப்பெயர். சாக்கடைக் குழி மூடியைக் கடப்பாரையால் நாலு விரல் தூக்கி, குனிந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும் அவனுக்கு. இது கசாப்புக் கடைத் தண்ணி, இது சாயப் பட்டறைத் தண்ணி, இதுக்குள்ள வாயு நிக்குது இறங்காதே என்று சொல்லிவிடுவான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் இறங்கு என்று சொன்ன குழியில் யாரும் சாகவில்லை. இறங்காதே என்று அவன் சொன்ன ஒரு குழியில் இரண்டு பேரை இறக்கினார்கள். இரண்டு பேரும் செத்தார்கள்.

மூன்று நாள் மழை விட்டு அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. காலை ஆறரைக்கு மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நின்றார். வீடு தேடி வருகிற ஆள் இல்லை அவர். மூக்கு ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். உள்ளே கட்டிலில் மகள் படுத்திருந்தாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தையல் இன்னும் காயவில்லை. பெண் குழந்தை. மருமகன் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு போனவன், திரும்பப் பத்து நாள் ஆகும்.

"பொதி இருக்கா?" என்றார் மேஸ்திரி.

"இருக்கு. எந்த லைன்ல வேலை?"

"வேலைன்னு ஒண்ணும் இல்ல. நம்ம வட்டத் தலைவர் முச்சந்திக் குழியில எறங்கறாரு. அதுல தண்ணி வரக்கூடாது."

மூக்குக்குத் தேநீர் புரை ஏறியது. "அவரு எதுக்குக் குழியில எறங்கறாரு?"

"எதுக்கு எறங்குவாரு? வீடியோவுக்குத்தான்."

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. முன்பெல்லாம் தலைவர் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாக வருவார், கும்பிடுவார், நாலு திட்டு வாங்கிக்கொண்டு போவார். திட்டுவதற்காவது ஒரு முகம் எதிரில் இருந்தது. இந்த ஐந்து வருஷத்தில் அவர் தெருவுக்கு வந்ததில்லை. போனுக்குள் வந்தார். காலையில் வணக்கம் சொன்னார், கடையில் தேநீர் குடித்தார், யாரோ பெற்ற பிள்ளைக்கு முத்தம் கொடுத்தார், எல்லாம் போனுக்குள். முந்தின நாள் அடுத்த வட்டத்துத் தலைவர் ஒரு கிழவியை முதுகில் சுமந்து வெள்ளத்தைக் கடக்கிற வீடியோ வந்திருந்தது. நாலு லட்சம் பேர் பார்த்தார்களாம். அக்கரையில் இறக்கிவிட்ட கிழவியைத் திரும்ப வீட்டுக்கு யார் கூட்டி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நம் தலைவருக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. முதுகில் தூக்குவதற்கு மேல் ஒன்று செய்ய வேண்டும் என்றால் குழிதான்.

"எங்க அடைக்கலாம், சொல்லு."

"சந்தைக் குழியில அடைச்சா சாயங்காலம் வரைக்கும் தாங்கும் மேஸ்திரி. பெரிய குழாய், நெறையக் கொள்ளும். எங்க தெரு நாப்பது வீட்டை மட்டும் கொஞ்ச நேரம் தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லிடலாம்."

"தாங்காமப் பொங்கிச்சுன்னா?"

"கடைங்க பக்கம் பொங்கும்."

"கடைக்காரன் கையில போன் இருக்குய்யா. ஒரு சொட்டு வெளிய வந்துச்சுன்னா நம்ம வீடியோவுக்கு முன்னாடி அவன் வீடியோ ஊரைச் சுத்திடும். வேற எடம் சொல்லு."

"வேறன்னா எங்க தெரு முனைதான். முச்சந்திக்கு முந்தின குழி."

"அங்கயே அடை."

"எங்க தெரு பள்ளம் மேஸ்திரி. சந்தைத் தண்ணியும் அது வழியாத்தான் வருது."

"உங்க தெருவுலயும் போன் இருக்கு, இல்லங்கல. ஆனா உங்க தெருவுல சாக்கடை பொங்கறதை எவன் பாப்பான்? அது ஒரு சேதியா?"

மூக்கு கணக்குப் போட்டான். குழாயின் குறுக்களவு, தெருவின் இறக்கம், காலையில் நாற்பது வீடு ஊற்றுகிற தண்ணீர், சந்தையில் மீன் கழுவுகிற நேரம் எல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. இந்தக் கணக்கில் அவன் தோற்றதில்லை. அதில் ஒரு கர்வமும் உண்டு.

"ரெண்டு மணி நேரம் தாங்கும்," என்றான்.

"தலைவர் எட்டரைக்கு வந்துடுவாரு. ஒம்பதுக்கு எல்லாம் முடிஞ்சுரும்."

"எட்டுக்கு அடைக்கிறேன். பத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஆகக்கூடாது."

"ஆகாது. தெருவுல எவன்கிட்டயும் மூச்சு விடாத."

அவன் தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். அவள் ஒரு வாளி நிறையக் குழந்தைத் துணியை வைத்துக் கும்மிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகக் காயப் போட வழியில்லாமல் குவிந்த துணி.

"நம்ம தெருவையா அடைக்கப் போற?"

"ரெண்டே மணி நேரந்தான். பத்து வரைக்கும் கக்கூஸ்ல தண்ணி ஊத்தாதீங்க."

"நாங்க ஊத்தாம இருந்தா ஆச்சா? மத்த வீடெல்லாம் வாயையும் அதையும் கட்டிக்கிட்டு இருக்குமா?"

"கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"உன் கணக்கு சாக்கடைக்குச் சரி. அந்தாளுக்கு எவன் கணக்குப் போட்டான்?"

மகள் உள்ளேயிருந்து சிரித்தாள். சிரித்ததும் தையல் இழுக்கவே "அம்மா, சிரிக்க வைக்காத" என்று முனகினாள். மூக்கு பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கூட்டாளி நெட்டை முச்சந்தியில் மூடியைப் புரட்டிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். இரண்டு பேரும் தெரு முனைக் குழியில் பொதியை இறக்கி மிதித்து இறுக்கினார்கள். கயிற்றை மேலே கொண்டு வந்து அங்கே நின்ற கசடு அள்ளுகிற லாரியின் பின்கொக்கியில் கட்டினார்கள். பிறகு முச்சந்திக் குழியைக் கழுவுகிற வேலை. நெட்டை ஜட்டியோடு உள்ளே இறங்கி, கசடைத் தகர வாளியில் அள்ளி அள்ளிக் கொடுத்தான். மூக்கு மேலே இழுத்துக் கொட்டினான். அறுபத்திரண்டு வாளி. நாப்கின், பிளேடு, மயிர்ப் பந்து, ஒரு பொம்மைத் தலை. அதன் பிறகு சுவரைத் துடைப்பத்தால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் தூவி, நல்ல தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசினார்கள். தலைவரின் காலில் எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று மேஸ்திரி மூன்று தடவையும் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நம்ம வீட்டுச் சட்டியைக்கூட நான் இப்படிக் கழுவினதில்ல," என்றான் நெட்டை.

தலைவரின் படக்காரன் ஒன்பதுக்கு வந்தான். வெள்ளைச் செருப்பு, கழுத்தில் கேமரா, கையில் இரண்டு போன். குழியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னண்ணே இவ்வளவு சுத்தமா இருக்கு? குளியலறை மாதிரி இருக்கு. யாரு நம்புவா?"

"சுத்தமா இருக்கணும்னு நீங்கதான தம்பி சொன்னீங்க," என்றார் மேஸ்திரி.

"சுத்தமா இருக்கணும். சுத்தமாத் தெரியக் கூடாது."

தேநீர்க் கடையிலிருந்து நாலு வாளி வேகவைத்த தேயிலைச் சக்கை வந்தது. செம்மண்ணைக் கரைத்து அதோடு கலந்து குழிக்குள் ஊற்றினார்கள். இரண்டு வாழைப்பழத் தோலைப் படக்காரனே பார்த்துப் பார்த்து மிதக்க விட்டான். முழங்கால் அளவுக்குக் கருஞ்சிவப்பாக நின்றது.

"சாக்கடைத் தண்ணி இந்த நெறத்துல இருக்காது தம்பி," என்றான் மூக்கு.

"நாத்தம் போன்ல வராதுண்ணே. நெறம்தான் வரும். பாக்கறவனுக்கு இது போதும்." அப்படிச் சொல்லிவிட்டு வாசனைத் திரவியத்தைக் குழியைச் சுற்றி அடித்தான்.

ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்தார்கள். இடுப்பு வரைக்கும் வருகிற ரப்பர்க் கால்சட்டை, முழங்கை உறை, மூச்சுக் கவசம், விளக்கு வைத்த தொப்பி. நெட்டை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தான். மேஸ்திரி பிடுங்கிப் பெட்டியில் போட்டார். "விலைச் சீட்டு இன்னும் பிரிக்கல. முடிஞ்சதும் கடைக்குத் திருப்பணும்."

பிறகு படக்காரன் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தான். "எல்லாரும் போனை இதுல போடுங்க."

"எதுக்கு?"

"போன மாசம் ஒருத்தர் மரக்கன்னு நட்டாரு. நட்டு முடிச்சுப் பிடுங்கிக்கிட்டுப் போனதையும் எவனோ எடுத்து விட்டுட்டான். தெரியுமில்ல? அதான்."

மேஸ்திரி முதலில் போட்டார். நெட்டை போட்டான். மூக்கும் போட்டான். பையை லாரியின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார்கள். அதற்கு நேர் கீழே, கயிற்றுக்குக் காவலாக மூக்கு உட்கார்ந்தான்.

ஒன்பதரை ஆயிற்று. தலைவர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். ஒன்பதே முக்காலுக்கும் வந்துகொண்டிருந்தார். முடி வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று படக்காரன் ஒரு தடவை உண்மையைச் சொன்னான். வெயில் ஏறியது. மழை ஊறிய மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. மூக்கு தெருப்பக்கம் திரும்பி மூச்சை இழுத்தான். சோப்பு வாசனை வந்தது. ஒரு வீட்டுச் சோப்பு இல்லை, தெரு முழுக்கச் சோப்பு. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூன்று நாள் மழை விட்ட முதல் வெயிலில் நாற்பது வீடும் துணி துவைக்கும். அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. பெண்டாட்டி கும்மிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் சேர்க்கவில்லை.

"மேஸ்திரி, பத்தாகப் போகுது. ஒரு கால் மணி நேரம் பொதியை எடுத்துட்டுத் திருப்பி வைக்கிறேன்."

"எடுத்தா இந்தக் குழி என்ன ஆகும்?"

"திருப்பிக் கழுவணும்."

"அறுபது வாளியா? தேயிலைத் தண்ணிக்கு நான் எங்க போறது? சும்மா உக்காருய்யா."

பத்தேகாலுக்குத் தலைக்கு மேல் பை உறுமியது. பைக்குள் ஒரு போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூடிய டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல இருந்தது. அது யாருடைய போன் என்று பார்க்க வேண்டிய அவசியம் மூக்குக்கு இல்லை.

"என் வீட்டுல இருந்து கூப்பிடறாங்க. என்னன்னு கேட்டுட்டுத் தர்றேன்."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கண்ணே," என்றான் படக்காரன். பையைக் கழற்றி லாரிக்குள் போட்டுக் கண்ணாடியை ஏற்றினான். அதற்குப் பிறகு சத்தம் கேட்கவில்லை. மூக்கு எழுந்தான். கயிற்றைப் பார்த்தான். மேஸ்திரியைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். எத்தனை மணிக்கு எது வரைக்கும் ஏறும் என்று அந்த ஊரிலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் பத்து மணிக்குக் கக்கூஸ் ஏப்பம் விட்டது. மூக்கின் பெண்டாட்டி போய்ப் பார்த்தாள். பீங்கானில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கை வைத்து அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்தாள். அது குளிக்கிற இடத்துக் குழி வழியாக வந்தது.

"அம்மா, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நீ படு. பிள்ளையைப் பாலுக்கு விடு."

வெளியே பக்கத்து வீட்டுக்காரி கத்துவது கேட்டது. "யாருடி எங்க கொல்லையில ஊத்தினது? ஐயோ, எங்க வீட்டுக்குள்ளயே வருது." ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. மூக்கின் பெண்டாட்டி போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே வாளியால் மொண்டு வெளியே வீசினாள். வெளியே வீசியது வாசலில் நின்றதோடு கலந்து திரும்ப உள்ளே வந்தது. கணுக்கால் வரைக்கும் ஏறியது. கறுப்பாக, நுரையோடு, மீன் செதிலும் மலமும் சோப்பும் கலந்து. துவைத்து வைத்த குழந்தைத் துணி வாளியோடு கவிழ்ந்து அதில் மிதந்தது.

கட்டிலின் கீழே பெட்டியில் குழந்தைக்கு வாங்கிய பால் பொடியும் மருந்தும் இருந்தன. அதை எடுக்க மகள் எட்டிக் குனிந்தாள். "எடுக்காத" என்று இவள் கத்துவதற்குள் எடுத்துவிட்டாள். நிமிரும்போது வழுக்கிச் சப்பென்று அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்தாள். தூக்கிக் கட்டிலில் போட்டபோது வயிற்றுத் துணியில் சிவப்பாக ஊறியது. துணி முழுக்கச் சாக்கடை.

இருபத்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். போனை மார்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

தலைவர் பதினொன்றேகாலுக்கு வந்திருந்தார். மூச்சுக் கவசத்தைப் போட வேண்டாம், முகம் மறையும் என்று படக்காரன் கழற்றிவிட்டான். ஏணி வைத்து இறக்கினார்கள். தலைவர் தேயிலைத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு வாளியைத் தூக்கி மேலே கொடுத்தார். வெறும் வாளி. முதல் தடவை கொடுக்கும்போது சிரித்துவிட்டார். இரண்டாவது தடவை வெயில் கண்ணில் அடித்தது. மூன்றாவது தடவை நெட்டையின் கை படத்துக்குள் வந்துவிட்டது. ஐந்தாவது தடவைக்குத் தயாரானபோது மூக்கின் பெண்டாட்டி முச்சந்திக்கு வந்தாள். முழங்கால் வரைக்கும் கறுப்பு. முடி அவிழ்ந்து கிடந்தது.

புருஷனிடம் போனாள். "எடு."

"தலைவர் உள்ள இருக்காரு."

"உம் பேத்தி உள்ள இருக்கா."

அவன் எழுந்தான். அவள் அவனுக்குக் காத்திருக்கவில்லை. லாரிக் கொக்கியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, காலை ஊன்றி இழுத்தாள். அவள் தைத்த பொதி அவளுக்கே அசையவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டுக் குழிக்கு ஓடினாள். விளிம்பில் நின்று, உள்ளே இருந்த ஆளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன். மேல ஏறுங்க. பொதியை எடுக்கணும். பச்சை உடம்புக்காரி சாக்கடையில கெடக்கறா."

தலைவர் படக்காரனைப் பார்த்தார். "கேமரா ஓடுதா?"

"ஓடுதுண்ணே. நல்லா வருது. நீங்க அப்படியே அவங்களைப் பாருங்க. அம்மா, இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி நடந்து கயிற்றைப் பிடித்தாள். பின்னால் மூக்கும் பிடித்தான். "நெட்டை, அவரை ஏத்துடா," என்று ஒரு குரல் கொடுத்தான். நெட்டை ஏணியில் கால் வைத்தான். தலைவர் "இரு, ஓடுது" என்றார். இருவரும் இழுத்தார்கள்.

மூன்றரை மணி நேரம் தேங்கி நின்றது ஒரே மூச்சில் வந்தது. குழாய் முதலில் இருமியது. அடுத்த நொடி தலைவர் மார்பு வரைக்கும் அதற்குள் நின்றார். அலற வாயைத் திறந்தவர் மூட மறந்தார். நெட்டை பாய்ந்து அவர் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்து ஏணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். சந்தையின் மீன் செதிலும் நாற்பது வீட்டு மலமும் தலைவரின் தோளைச் சுற்றிப் போயின. மேலே தூக்கிப் போட்டதும் தார் ரோட்டில் நாலு காலில் நின்று வாந்தி எடுத்தார்.

மேஸ்திரி ஓடி வந்து மூக்கைக் கன்னத்தில் அறைந்தார். "கொலைகாரப் பயலே. உன் வேலை போச்சு. உள்ள போடப் போறாங்க, பாரு."

மூக்கு கன்னத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட நிற்கவில்லை. பெண்டாட்டிக்குப் பின்னால் ஓடினான்.

தெருவில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது விட்டுப் போன கறுப்புச் சேறு எல்லா வீட்டுத் தரையிலும் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஜனங்கள் துடைப்பத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நின்றார்கள். "எவன்யா அடைச்சது?" என்று ஒருவர் கேட்டார். மூக்கு தலை குனிந்து வீட்டுக்குள் போனான். மகள் கட்டிலில் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"ரெண்டு மணி நேரம்னு சொன்னியேப்பா," என்றாள். அவ்வளவுதான்.

காய்கறி ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சீட்டு எழுதும் இடத்தில் இருந்தவள் துணியால் தன் மூக்கை மூடிக்கொண்டு பேசினாள். பிரசவக் கூடத்தில் கட்டில் இல்லை. நடையில் பெஞ்சில் உட்காருங்கள், டாக்டர் வரட்டும். ஒரு மணிக்கு உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் வந்து தையலைப் பார்த்துவிட்டு, "இதுல எதுக்குய்யா இவ்வளவு அழுக்கு? சீக்கிரம் கழுவணுமே" என்று சொல்லிவிட்டு ஆளைக் கூப்பிடப் போனவள் திரும்பவில்லை. நாலு மணிக்கு மகளுக்குக் குளிர் எடுத்தது. மூக்கின் பெண்டாட்டி தன் முந்தானையில் நல்ல பக்கத்தைத் தேடினாள். நல்ல பக்கம் இல்லை. குழந்தை அழுது அழுது தூங்கிவிட்டது.

எழுந்து சீட்டுக்காரியிடம் போனாள். "எம் பொண்ணுக்கு உடம்பு கொதிக்குதும்மா."

"எனக்குத் தெரியுது. கட்டில் இருந்தாத்தான தர முடியும். நாளைக்குக் காலையில ஒண்ணு காலியாகும்."

ஐந்து மணிக்கு நெட்டை வந்தான். குளித்துச் சட்டை மாற்றியிருந்தான். ஆனாலும் நாறினான். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் அவித்த முட்டையும் இருந்தன. பிளாஸ்டிக் பையிலிருந்து மூக்கின் போனையும் எடுத்து வந்திருந்தான்.

"போலீஸ் வருதா?" என்று கேட்டான் மூக்கு.

"வராது. வேலையும் போகல." நெட்டை பக்கத்தில் உட்கார்ந்தான். "முதல்ல உன்னை உள்ள போடணும்னுதான் குதிச்சாங்கண்ணே. தலைவர் வாந்தி எடுத்துக்கிட்டே உன் ஆத்தா அப்பனை எல்லாம் இழுத்தாரு. அப்ப அந்தப் படக்காரன் கேமராவைப் பாத்துக்கிட்டு இருந்தவன் சிரிக்கறான். அண்ணே, இதைக் காசு குடுத்தாலும் எடுக்க முடியாதுங்கறான். தலைவர் வாயைத் தொடச்சுட்டு எட்டிப் பாத்தாரு. அப்புறம் யாரும் உன்னைப் பத்திப் பேசல."

போனை நீட்டினான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தலைவர் நிஜச் சாக்கடையில் மார்பளவு நிற்கிறார். அலறியது இல்லை, அதன் மேல் ஒரு உருக்கமான இசை ஓடுகிறது. அவரைத் தாங்குகிற ஒரு கை மட்டும் இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரன் இல்லை. அடுத்து மூக்கின் பெண்டாட்டி வருகிறாள். முடி அவிழ்ந்து, முழங்கால் வரை கறுப்போடு, இரண்டு கையையும் கூப்பி நிற்கிறாள். உதடு அசைகிறது. சத்தம் இல்லை. கீழே எழுத்து ஓடியது: தன் வீட்டைக் காப்பாற்றிய தலைவனுக்கு ஒரு தாயின் நன்றி.

"பதினோரு லட்சம் பேரு பாத்துட்டாங்க," என்றான் நெட்டை. "நம்ம தெருக்காரங்களே அனுப்பிக்கிட்டு இருக்காங்க. ஒரு கையில துடைப்பம், ஒரு கையில போன். எவனோ அடைச்சிட்டானாம், தலைவர் வந்து எறங்கி எடுத்தாராம். நான் சொன்னேன், அப்படி இல்லைய்யா, நான் உள்ளயே இருந்தேன்னு. வீடியோவுலயே வந்திருக்கு, நீ என்ன புதுசா சொல்றேங்கறாங்க."

மூக்கு முட்டையை உரித்தான். உரித்ததைப் பெண்டாட்டியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

அப்போது சீட்டுக்காரி எழுந்து வந்தாள். கையில் போன். போனைப் பார்த்தாள், மூக்கின் பெண்டாட்டியைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"அம்மா, இது நீங்கதானே?"

மூக்கின் பெண்டாட்டி முந்தானையை இழுத்து மூடினாள்.

"நீங்கதாம்மா. இதே சேலை. முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் மத்தியானத்துல இருந்து நாலு பேருக்கு அனுப்பியிருக்கேன். உங்க வீட்டுக்காகவா அவரு எறங்கினாரு? தலைவர் நேர்ல எப்படி?"

மூக்கின் பெண்டாட்டி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்து வெள்ளையாகத் தெரிந்தது. புருஷன் கையில் முட்டையோடு இருந்தான்.

"ஆமா," என்றாள். "எங்க வீட்டுக்காகத்தான் எறங்கினாரு."

"இருங்க, இருங்க. பெரிய நர்ஸம்மாகிட்ட பேசறேன். அவங்களும் பாத்தாங்க." சீட்டுக்காரி உள்ளே ஓடினாள். மூன்று நிமிஷத்தில் தள்ளு கட்டில் வந்தது. நாளைக்குக் காலையில் காலியாக வேண்டிய கட்டில் எப்படிக் காலியானது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நர்ஸ்கள் மகளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். காணாமல் போன நர்ஸும் அதில் இருந்தாள். இன்னொருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டு சுத்தமான விரிப்பில் சுற்றினாள். ஓரம் கிழிந்த விரிப்பு. மூக்கின் பெண்டாட்டிக்கு அந்தக் கிழிசல் தெரியும்.

கட்டிலோடு உள்ளே போகப் போனவளைச் சீட்டுக்காரி நிறுத்தினாள்.

"ஒரே ஒரு படம்மா. கொஞ்சம் தள்ளி நின்னே எடுத்துக்கறேன்." துணியை மூக்கிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். மூச்சை அடக்கிக்கொண்டு போனை நிமிர்த்தினாள். "வீடியோவுல வந்த மாதிரி கையைக் கூப்புங்க."

மூக்கின் பெண்டாட்டி கையைக் கூப்பினாள். நகக்கண் பத்திலும் கறுப்பு. நடையில் பினாயில் வாடை தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில் மூக்குக்குத் தன் தெரு தெரிந்தது. மீன், சோப்பு, நாற்பது வீடு. அவள் பக்கத்தில் போய் நின்றான்.

சீட்டுக்காரி போனை இறக்கினாள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க. நீங்க அந்த வீடியோவுல இல்லையே."

மூக்கு தள்ளி நின்றான்.